செவ்வாய்க்குப் போகாத கஞ்சி

ஐப்பசி 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. மம்சாபுரத்தில் ஏறும்போதே பஸ்ஸில் சீட் கிடைத்தது. அதுவும் ஜன்னல் ஓரம்.

கம்பெனியில் ஆளுக்கு ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். தினமும் எழுத வேண்டுமாம். சளி உண்டா, இருமல் உண்டா, கையில் வெட்டு உண்டா, என்ன சாப்பிட்டாய். அஞ்சாம் வகுப்போடு நின்றவளை நாற்பத்தெட்டு வயதில் எழுத வைத்துவிட்டார்கள். "இல்லை, இல்லை, இல்லை, இட்லி" என்று எழுதி மூடினேன். கை நிற்கவில்லை. மிச்சத்தை எழுத இந்த நோட்டு. வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்தாலும் என் எழுத்து அவருக்குப் புரியாது. எனக்கே சில நாள் புரியாது.

கம்பெனி என்றால் பேண்டேஜ் துணி, காஸ் துணி கம்பெனி. ராஜபாளையம் ரோட்டில். முன்பக்கம் தறி, பின்பக்கம் சலவை. ஆடி மாதத்திலிருந்து அதற்கும் பின்னால் ஒரு வெள்ளை அறை. அதற்குள் ரெண்டே பேர். நான், ஜெயராணி (இனி ஜெ.). நூல் உதிராத துடைக்கிற துணி செய்கிறோம். அவள் மடிப்பாள், நான் பையில் போட்டு மிஷினில் வாயை ஒட்டுவேன். பெங்களூருக்குப் போகும். அங்கே செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்ப ஒரு வண்டி கட்டுகிறார்களாம். அந்த வண்டியைத் துடைக்க.

செவ்வாய்! முப்பத்தொரு வயது வரைக்கும் என்னை வீட்டில் உட்கார வைத்த அதே செவ்வாய். வந்த மாப்பிள்ளையை எல்லாம் ஜாதகத்தில் இருந்துகொண்டு விரட்டியது. கடைசியில் அதே தோஷம் உள்ள ஒருத்தர் வந்து மாட்டினார். வீ.கா. (வீட்டுக்காரர். முழுதாக எழுதக் கை வலிக்கிறது.) லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

காலையில் அவர்: "ஏட்டி பேச்சி, செவ்வாய்க்குத் துணி போகுதுல்ல, அப்பிடியே ஒன்னையும் மடிச்சு உள்ள வச்சிரச் சொல்லு."

"வைப்பாக. நான் அங்க போயி ஒக்காந்தேம்னா பொறவு பூமியில ஒரு பிள்ளைக்கும் கல்யாணம் ஆகாது, பாத்துக்கிடுங்க."

மண்ணெண்ணெய் ஸ்டவ் திரி வாங்கணும். மறந்துவிட்டேன்.

ஐப்பசி 5, புதன்

மழை இல்லை. மூட்டம்.

அறைக்குள் போகும் முன்னால் விட வேண்டியவை: பூ. பொட்டு. வளையல். மெட்டி. கம்மல். பவுடர். மஞ்சள். தாலியை உள்ளே விட்டு மேலே ஒரு பருத்திக் கோட்டு. அதற்கு மேல் உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உறை. கண் மட்டும் வெளியே. ஜெ. வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், அவளுக்குப் பொட்டு அழிக்கிற வேலை மிச்சம். எனக்கு நெற்றியைக் கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி.

உள்ளே போனதும் எல்லாம் மறந்துபோகிறது. சத்தம் கிடையாது. கூரையிலிருந்து காற்று மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். கையை வீசக்கூடாது, வேகமாக நடக்கக்கூடாது. கண்மாய்த் தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி. இருபது வருஷம் தறிச் சத்தத்தில் கிடந்தவள் நான். இங்கே என் மூச்சு எனக்குக் கேட்கிறது. கொஞ்ச நேரம் போனால் அது என் மூச்சா ஜெ.யுடைய மூச்சா என்று தெரியாது. துணி ஒன்று. துணி ரெண்டு. வெள்ளை மேல் வெள்ளை. நேரம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

ஜெ. முன்னே தறிப் பக்கம்தான். பஞ்சுத் தூசி ஆகாது, இழுப்பு வந்துவிடும். பாதி ஷிஃப்டில் வாசல் படியில் உட்கார்ந்து, வாயில் பம்ப்பை வைத்து உறிஞ்சிக்கொண்டிருப்பாள். நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி கேட்கும். இந்த அறைக்கு வந்ததிலிருந்து பம்ப் பையை விட்டு வெளியே வரவில்லை.

"இங்கதான் அக்கா எனக்கு நெஞ்சு தெறக்கு."

"அப்போ குடித்தனத்தையும் இங்கயே மாத்திக்க. ஒம் மாப்பிள்ளைக்கும் ஒரு உறை தச்சிருவோம். கண்ணு மட்டும் தெரியட்டும், அதுதான் அவருக்கு நல்லா இருக்கு."

சிரித்தால் உறை உப்பும். சிரிக்கக்கூடாது என்று விதி எழுதவில்லை. நானே சேர்த்துக்கொண்டேன்.

ஐப்பசி 6, வியாழன்

நாளை பெங்களூர்க்காரர்கள் வருகிறார்கள். முதலாளி காலையிலிருந்து நடக்கிறார், நிற்கிறார், நடக்கிறார். "நீட்டா இருக்கணும் பேச்சி, நீட்டா."

உள்கோட்டு ரெண்டும் சலவையிலிருந்து வந்தது. கசங்கல். தொளதொள. ஜெ. ஒல்லி. அவள் போட்டால் கொடியில் காயப்போட்ட மாதிரி இருக்கும். உறை மாட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் பெரிய மனிதர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கப்போகிறார்கள், இப்படியா நிற்பது? ரெண்டையும் கட்டைப் பையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கம்பெனிக் கோட்டு கம்பெனியிலேயே இருக்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அழுக்குப் பண்ணாமல் இருக்கத்தானே அது? நான் அழகு பண்ணத்தானே கொண்டுபோகிறேன்?

பச்சரிசிக் கஞ்சி. நல்ல மூணு கொதி. நம் காஸ் துணியிலேயே வடிகட்டினேன். என் கோட்டை ஒரு தடவை முக்கினேன், ஜெ. கோட்டை ரெண்டு தடவை. மழை என்பதால் ஃபேனுக்கு அடியில் காயப் போட்டு, ஈரத்தோடு இஸ்திரி. ரெண்டும் தானாக நின்றன.

வீ.கா. கோட்டைத் தட்டிப் பார்த்தார். "உள்ள ஆளு இருக்கா?"

ஐப்பசி 7, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஜெ. கோட்டைப் போட்டதும் கண்ணாடியில் ஒரு சுற்று சுற்றினாள். "அக்கா, டாக்டரம்மா மாதிரி இருக்கேனா?" "டாக்டரே வந்து ஒன்கிட்ட ஊசி போட்டுக்கிடுவாரு."

மூணு பேர் வந்தார்கள். அதில் நெட்டையாக ஒரு இன்ஜினியர் தம்பி, நன்றாகப் பேசினார். வேலை முடிந்து வெளியே வந்தபோது கேட்டேன்.

"தம்பி, அங்க ஆளா இருக்கு? ஆளில்லாத ஊருக்கு எதுக்கு இம்புட்டுச் சுத்தம்?"

"ஆள் இல்லம்மா. கண்ணுக்குத் தெரியாத உயிர் எதாவது இருக்குமான்னு தேடத்தான் போறோம். இங்கிருந்து நம்ம கிருமியையே கொண்டுபோய் விட்டுட்டு, அப்புறம் அதையே கண்டுபிடிச்சு, 'ஆகா, உயிர் இருக்கு'ன்னு குதிச்சா?"

"மூக்குக் கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு வீடு பூரா தேடுத மாதிரி."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "அது மட்டும் இல்லம்மா. அங்க நிஜமாவே ஏதாவது இருந்தா, நம்மளால அதுக்குக் கெடுதல் வந்துரக் கூடாது."

அதை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷம் செவ்வாயால் எனக்குத் தோஷம். இப்போது என்னால் செவ்வாய்க்குத் தோஷம் வந்துவிடக் கூடாதாம். சிரிப்பும் வந்தது, என்னமோ போலவும் இருந்தது.

லேப் மேடம் சாம்பிள் எடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, கிருமிப் படிப்பு படித்தவர், வயது என்னில் பாதி. கோபமே வராது. அதனாலேயே பயம். துணி, மேஜை, உறைக்கு வெளியே எட்டிப் பார்க்கிற எங்கள் கோட்டின் மணிக்கட்டு ஓரம், எல்லாவற்றையும் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து, தண்ணீரில் அலசி, அதைக் கால் மணி நேரம் சூடு காட்டுவார். சாதாக் கிருமி செத்துவிடும். சூட்டுக்கும் சாகாத முரட்டுக் கிருமிதான் இவர்களுக்குப் பயம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் அது சாகாதாம். மிஞ்சியதைக் கடல்பாசி மாதிரி உறைந்த தட்டில் ஊற்றி, வெதுவெதுப்புப் பெட்டியில் மூணு நாள். இருந்தால் புள்ளி புள்ளியாக முளைக்கும்.

ஐப்பசி 9, ஞாயிறு

மத்தியானம் கறிக்குழம்பு. உண்ட மயக்கத்தில் ஒரு தூக்கம். கனவு.

தேவதானம் போகிற வழியில் இருக்குமே, அந்த மாதிரிச் செவல் மண். ஆனால் ஒரு மரம் இல்லை, ஒரு ஆடு இல்லை. வானம் மோர் நிறம். நடுவில் ஒரு வண்டி நிற்கிறது. நான் உறையோடு துணியை வைத்துச் சக்கரத்தைத் துடைக்கிறேன். துடைக்கத் துடைக்க மினுங்குகிறது. யாரோ பின்னால் நின்று பார்க்கிற மாதிரி. திரும்பினால் ஒன்றும் இல்லை. மண் மட்டும் மூச்சு விடுகிறது, ஏறி இறங்கி. "பயப்படாத, தொட மாட்டேன்" என்று நான் அதனிடம் சொல்கிறேன்.

எழுந்தபோது வீ.கா. குறட்டை. அதுதான் அந்த மூச்சு போல.

ஐப்பசி 11, செவ்வாய்

மழை. பஸ்ஸில் ஒழுகல்.

புள்ளி முளைத்துவிட்டது. ஜெ. மேஜைத் தட்டில் எண்ண முடியாத அளவுக்கு. வெள்ளையாக, ஓரம் சுருங்கி, மோரில் மிதக்கிற ஆடை மாதிரி. என் மேஜைத் தட்டிலும் கொஞ்சம். துணியிலும் இருக்கிறது.

பெங்களூருக்குச் சொல்லியாகிவிட்டது. ஒரு தடவை மன்னிப்பார்களாம். சனிக்கிழமை மறுபடி சாம்பிள். அதுவும் போனால் ஆர்டர் போச்சு, அறையைப் பூட்ட வேண்டியதுதான். அங்கே போன பிறகு அவர்களும் துணியை ஒரு தடவை பெரிய சூட்டில் வைப்பார்கள்தானாம். ஆனால் இங்கேயே குறைவாக இருந்தால்தான் அந்தச் சூடு போதுமாம்.

மேடம் எங்கள் கையைப் பார்த்தார். ஜெ. முழங்கையில் குளிருக்குத் தோல் வெடித்து வெள்ளையாக உதிர்கிறது. செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உறுதியாச் சொல்ல முடியல. ஆனா தோல் உதிருறவங்க இப்போதைக்கு உள்ள வேண்டாம்."

முதலாளி: "நாளையிலேர்ந்து ஜெயராணி தறிப் பக்கம்."

ஜெ. உறையைக் கழற்றி மடித்தாள், துணி மடிக்கிற மாதிரியே, ஓரத்துக்கு ஓரம் சரியாக.

ஐப்பசி 12, புதன்

அறையில் நானும் மேடமும். அவர் மடிக்கிறார், பாவம், ஜெ. ஒன்பது மடிக்கிற நேரத்தில் நாலு. கேலி பண்ண வாய் வரவில்லை.

மத்தியானம் வெளியே வந்தால் ஜெ. வாசல் படியில். கையில் பம்ப். தலை முடியெல்லாம் பஞ்சு. அந்த விசில் சத்தம்.

"என்னடி, அதுக்குள்ள நரைச்சிட்டியா?" என்றேன்.

சிரிக்க வந்தாள். சிரிப்புக்குக் காற்று பத்தவில்லை.

"சரியாப் போயிரும் அக்கா. பழகிரும்."

இருபது வருஷம் அந்தப் பஞ்சில் இருந்தவள் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குப் பழகாது. அது ரெண்டு பேருக்கும் தெரியும்.

ஐப்பசி 13, வியாழன்

காலையில் சேலைக்குக் கஞ்சி போடலாம் என்று அடுப்படி மூலையில் மூடி வைத்திருந்த சட்டியைத் திறந்தேன். போன வியாழக்கிழமைக் கஞ்சியின் மிச்சம். ஊற்றிக் கழுவ மறந்திருக்கிறேன். மேலே வெள்ளையாக ஆடை. ஓரம் சுருங்கி.

பார்த்துக்கொண்டே நின்றேன். பால் பொங்கி வழிந்தது. வீ.கா. சத்தம் போட்டார்.

கம்பெனியில் சும்மா கேட்கிற மாதிரி மேடத்திடம் கேட்டேன்.

"மேடம், கொதிக்க வச்சா எல்லாக் கிருமியும் செத்துரும்லா?"

"எல்லாம் சாகாது பேச்சியம்மா. மண்ணுல, அரிசியில இருக்கிற சிலது ஓடு கட்டித் தூங்கிட்டிருக்கும். கொதிச்சாலும் சாகாது. ஆறினதும் முழிக்கும். சோறு ஏன் கெட்டுப்போகுதுன்னு நெனச்சீங்க?"

"எம்புட்டு நாள் தூங்கும்?"

"வருஷக்கணக்கா. சோறு தண்ணி இல்லாம. அதனாலதான் வண்டியில ஏறிரக் கூடாதுன்னு பயப்படறோம்."

மிஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பை ஒட்டுகிறேன், கை தானாகப் போகிறது. என் வீட்டு அரிசிக்குள் கிடந்த ஒரு துளி உயிர். கொதித்துப் பிழைத்து, கோட்டில் ஏறி, துணியில் ஏறி, வண்டியில் ஏறி, அந்தச் செவல் மண்ணில் போய்ப் படுத்துக்கொள்கிறது. சுற்றிலும் ஒரு சத்தம் இல்லை. தூங்குகிறது. ஒரு நாள் ஈரம் படுகிறது. கண்ணை முழித்துப் பார்க்கிறது, மம்சாபுரம் எங்கே என்று. நினைக்க நினைக்க அழகாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

யோசனை ஒன்று. இப்போதே ரெண்டு கோட்டையும் நாலு தடவை வெந்நீரில் அலசிப் போட்டுவிட்டால்? மேஜையைக் கழுவச் சொல்லி நானே முன்னால் நின்றால்? சனிக்கிழமை தட்டில் ஒன்றும் முளைக்காது. ஆர்டர் நிற்கும். அறை நிற்கும். நான் உள்ளேயே இருப்பேன். ஒருத்தருக்கும் தெரியாது.

ஆனால் அப்போது என்ன சொல்வார்கள்? ஜெ. வெளியே போனாள், கிருமி போனது என்பார்கள். அவள் தோல்தான் என்று முடிந்துவிடும். பிறகு அவளை யார் உள்ளே விடுவார்கள்?

கோட்டை வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறக்காத குழாயைப் பார்த்துக்கொண்டு.

அலசவில்லை.

ஐப்பசி 14, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

முதலில் வீ.கா.விடம் ஒத்திகை. அவர் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ல சூடிக் களைஞ்ச மாலையத்தான் சாமிக்கே போடுதாக. செவ்வாய்க்கு மட்டும் என்ன கொழுப்பு?" என்றார். சிரித்தேன். பிறகு அவரே சொன்னார், "சொல்லிரு. அந்தப் பிள்ளை மூச்சு முட்டிச் சாகும்."

லேப் வாசலில் நின்று சொன்னேன். மேடம், கோட்டுக்குக் கஞ்சி போட்டது நான். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். ஜெ. கோட்டுக்கு ரெண்டு முக்கு.

மேடம் திட்டவில்லை. ரெண்டு கோட்டையும் எடுத்து வரச் சொன்னார். ஜெ. கோட்டு மணிக்கட்டில் ஒரு சொட்டு அயோடின் விட்டார், புண்ணுக்குப் போடுகிற மருந்துதான். மஞ்சளாக விழுந்த சொட்டு, பார்க்கப் பார்க்க நாவல்பழம் மாதிரி கறுத்துப்போனது. காலரில் ஒரு சொட்டு. அதுவும் கறுப்பு. என் கோட்டிலும்.

"கஞ்சி இருந்தா இப்படித்தான்" என்றார். "எனக்கும் இடிச்சுக்கிட்டேதான் இருந்துது. தோல்ல வர்ற கிருமி பெரும்பாலும் இந்தச் சூட்டுல செத்துரும். இது சாகலையேன்னு ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல."

"எனக்கும் ஒரு நாளா இல்ல மேடம்."

முதலாளி வந்தார். கறுத்த கோட்டைப் பார்த்தார். "தேவுடா" என்றார், அவர் வீட்டுத் தெலுங்கில்.

"எதுக்கும்மா?"

"நீட்டா இருக்கணும்னீங்க அய்யா."

மேடம் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டார். சிரித்தாரோ என்னவோ. முதலாளி சிரிக்கவில்லை.

"எழுதி ஒட்டினதை மீறி வெளிய கொண்டுபோனவங்கள உள்ள விட்டா, நாளைக்கு பெங்களூர்க்காரங்க என்னைக் கேப்பாங்க. நீ தறிப் பக்கம் போயிரு பேச்சி. ஜெயராணி உள்ள வரட்டும்."

சரி அய்யா என்றேன். கம்பெனி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கடைசியாக அறையைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கறுத்த கோட்டுக்காரிக்கு அது எப்படி முடியும்?

ஐப்பசி 15, சனி

அறை பூராவும் கழுவினார்கள். நான் வெளியே, தறியில். புதுக் கோட்டு. மறுபடி சாம்பிள்.

ஜெ. மத்தியானம் தேடி வந்தாள். கோபமாக வருவாள் என்று பார்த்தால் அழுகிறாள்.

"ஏன் அக்கா சொன்னீங்க? நீங்க அலசிப் போட்டிருந்தா யாருக்குத் தெரியும்?"

"ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்லா. அது வருஷக்கணக்காத் தூங்குமாம்டி, சாகாதாம். நான் என்ன செய்ய?"

மூக்கைச் சிந்தினாள். "இந்தக் கையோட உள்ள போயிராத, கழுவு" என்றேன்.

ஸ்டவ் திரி வாங்கியாச்சு.

ஐப்பசி 18, செவ்வாய்

வெயில். மலை கழுவி வைத்த மாதிரி பக்கத்தில் நிற்கிறது.

பத்து மணிக்கு மேடம் தறி வாசலுக்கு வந்து கையாட்டிக் கூப்பிட்டார். லேப்பில் தட்டுகள் வரிசையாக. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வெறும் கடல்பாசி. ஜெ. மேஜைத் தட்டு. வெறும் கடல்பாசி. அந்தப் பக்கம் இருக்கிற அவர் விரல் தெரிகிறது. ஒன்றுமே இல்லாதது இவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரியாது. நிலா மாதிரி இருந்தது.

"பெங்களூர்க்குச் சொல்லியாச்சு பேச்சியம்மா. துணி போகுது."

"என் கஞ்சி?"

"அது போகல."

திரும்பும்போது அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஜெ. உள்ளே போகத் தயாராக நிற்கிறாள், உறை இன்னும் போடவில்லை. கோட்டு தொளதொள என்று தொங்குகிறது, கொடியில் காயப்போட்ட மாதிரியே. என்னைப் பார்த்துவிட்டாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, நெஞ்சில் கையை வைத்து, ஒரு மூச்சு இழுத்துக் காட்டினாள். நீளமாக. ஏறியது, நின்றது, இறங்கியது.

பதிலுக்கு நானும் ஒன்று இழுத்துக் காட்டினேன். பஞ்சு தொண்டையில் ஏறி ஒரே இருமல்.

இருமல் உண்டு என்று எழுதலாம் என்றால், அந்த நோட்டைத்தான் கொடுத்துவிட்டேனே.